உள்ளேயா, வெளியேயா

எண்பதாவது நிமிடம் வந்தால் கேனர் ஓல்ட்ராய்ட் எழுந்துவிடுவாள். போவதற்கு அல்ல, போகிறவர்களை மறிப்பதற்கு.

எங்கள் கால்பந்து மைதானத்தில் ஒரு கோலுக்குப் பின்னால் ஜனம் உட்காருகிற பக்கத்துக்குத் தொட்டி முனை என்று பெயர். அதன் நடுப்படி ஏறி வெளிவாசலில் முடிகிற இடத்தில், கைகளை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு நிற்பாள். உயரம் ஐந்தடியைக் கொஞ்சம் தாண்டும். அகலத்துக்குக் குறைவில்லை. அந்தப் படிக்குக் காவல் ஆள் நான்தான். ஆட்ட நாளில் ஆரஞ்சு கோட்டு, மற்ற நாளில் கால்வாய் ரோட்டில் டயர் மாற்றுகிற வேலை. படியை யாரும் அடைக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, அதை அடைப்பது கேனரின் பழக்கம். எங்களுக்குள் இப்படியே வெகுகாலம் ஓடியது.

முதல் பிரிவுக்கு ஏறிய அந்த சீசனில், டிசம்பர் மாதம், சொந்த மைதானத்தில் நாலு கோல் வாங்கிக்கொண்டிருந்தோம். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ராய்ஸ்டன் படியேறி வந்தான். வீடு வாங்கி விற்கிற தரகன். கார் சாவி எப்போதும் கையிலேயே இருக்கும்.

"எங்க கண்ணு கிளம்பிட்ட? வீடு பத்திக்கிச்சா?" என்றாள் கேனர்.

"நாலு வாங்கியாச்சு கேனர். இன்னும் என்னத்தப் பாக்கச் சொல்ற?"

"அஞ்சாவத."

"ட்ராஃபிக்ல மாட்டிக்குவேன், வழிய விடு."

"ஹெப்பர்ஷாவுல ட்ராஃபிக்கா? மொத்தம் ரெண்டு சிக்னலு. அதுல ஒண்ணு நான்."

அது உண்மை. மலையடிப் பள்ளிக்கூடத்து வாசலில், வட்டப் பலகை வைத்த கம்பைப் பிடித்துக்கொண்டு, காலையும் மாலையும் பிள்ளைகளை ரோடு தாண்டி விடுகிற வேலை அவளுக்கு. கம்பளி மூட்டை ஏற்றிய லாரி மலைச் சரிவில் உருண்டு வரும். கேனர் நடுரோட்டில் போய் நின்று கையைத் தூக்குவாள். லாரி நிற்கும். நிற்காத ஒரு டிரைவர் உண்டாம். அவன் இப்போது வேறு ஊரில் ஓட்டுகிறான்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் எல்லோருக்கும் கண்ணுதான். மீன் கடைக்காரி சொல்வாள், பஸ் டிரைவர் மீசைக்காரனைப் பார்த்தும் சொல்வான். ஆனால் கேனர் 'கண்ணு' என்றால் ஒரு அடி பின்னால் நிற்பது நல்லது.

தொட்டி முனையில் அவள் உட்காருகிற இடம் பதினெட்டு வயதில் வாங்கியது. மேலே தகரக் கூரையின் தண்ணீர்க் குழாய் ஒழுகும். கிளப்புக்காரர்கள் வேறு இடம் தருகிறோம் என்றபோது, "ஒழுகுறதுன்னாதான் பக்கத்துல எவனும் வந்து உக்கார மாட்டான்" என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்தைக்கூட ஒரு சனிக்கிழமை காலையில் வைத்து, மத்தியானம் அதே உடுப்போடு ஆட்டத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை கிளைவும் வந்தான். இப்போது அவன் ஸ்பெயினில், இன்னொருத்தியோடு. அதைப் பற்றிக் கேட்டால் கேனர் வருத்தப்பட மாட்டாள். "கிளைவ் எழுபதாவது நிமிஷத்துலயே எந்திரிச்சுப் போற ஆளு. கல்யாணத்துலயும் அதத்தான் செஞ்சான்" என்பாள்.

ஹெப்பர்ஷா டவுன் அணியைச் சாயக்காரர்கள் என்றுதான் சொல்வோம். ஊரே சாயப்பட்டறையாக இருந்த காலத்துப் பெயர். வேலை முடிந்து போகிறவன் சாயத் தொட்டியின் விளிம்பை உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவானாம். இன்றைக்கு முடிந்தது, நாளைக்கும் வருவேன் என்று அர்த்தம். அந்தப் பழக்கம் மைதானத்துக்கும் வந்துவிட்டது. ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட்டம் முடிந்ததும் எங்கள் ஆட்கள் தொட்டி முனைக்கு நடந்து வந்து, முன்னால் இருக்கிற குட்டைச் சுவரை ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். நாலாம் பிரிவில், மழையில், எங்களை எண்ணிவிடலாம் என்கிற மாதிரி கூட்டம் இருந்த நாட்களிலும் தட்டினார்கள்.

பிறகு ஏறினோம். ஒவ்வொரு படியாக, எப்படி ஏறினோம் என்று எங்களுக்கே தெரியாமல், முதல் பிரிவு வரை வந்துவிட்டோம். ஆகஸ்ட் மாதம் முதல் ஆட்டத்தில் ஒன்றுக்கு ஒன்று. ஊர் முழுக்க வெறி. கசாப்புக் கடையில் பன்றித் தலைக்கு எங்கள் அணியின் சிவப்புக் கழுத்துத் துணி கட்டி வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் தோல்வி. பிறகும் தோல்வி. அக்டோபரில் ஒன்று ஜெயித்தோம், அதுவும் எதிராளி தன் வலைக்குள் தானே உதைத்துக்கொண்ட கோலில். நவம்பரில் ஆறு வாங்கினோம். அன்றைக்கு ஆட்டக்காரர்கள் யாரும் சுவருக்கு வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நேராக உள்ளே போய்விட்டார்கள்.

அதிலிருந்து ஆரம்பித்தது. அவங்களே வரதில்ல, நாம எதுக்கு உக்காந்திருக்கணும் என்று ஜனம் எழுபத்தைந்திலேயே கிளம்பியது. கேனர் மட்டும் அசரவில்லை. முதல் பிரிவு என்பது என்ன பெரிய கோட்டையா என்பாள். "அவங்க நம்மள அடிக்கலாம். நாம ஓடுறதப் பாக்குற சந்தோஷத்த மட்டும் அவங்களுக்குக் குடுக்கக் கூடாது."

அந்த நாலு கோல் ஆட்டத்துக்கு அடுத்த திங்கட்கிழமை, பள்ளிக்கூட வாசலில் அவளுக்கு ஒரு வாய்ப்பு கிடைத்தது. எங்கள் கோல்கீப்பர் ஹால்டோர்தான் அந்த வருஷம் தலைவன். ஐஸ்லாந்துக்காரன், நெடுநெடுவென்று வளர்ந்தவன், பத்து வார்த்தை கேட்டால் ஒன்று சொல்வான். பெண்ணை அந்தப் பள்ளியில்தான் போட்டிருந்தான். கேனர் ரோட்டை மறித்தாள், குழந்தையைத் தாண்டி விட்டாள். ஆனால் கம்பை இறக்கவில்லை. இரண்டு பக்கமும் வண்டிகள் காத்து நிற்க, ஹால்டோரைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அவளே சொன்னது இது.

"ஏன் கண்ணு, சுவரத் தட்ட வரதில்லையே? கை வலிக்குதா?"

"யாருக்காகத் தட்டணும்?"

"எங்களுக்காக."

"நீங்க எங்க இருக்கீங்க? நான் அந்தக் கோடியில இருந்து திரும்பிப் பாத்தா, காலி நாற்காலிதான் தெரியுது. நாற்காலிக்காக நடக்கணுமா?"

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "பொறு கண்ணு!" என்று அவனைப் பார்த்துக் கத்திவிட்டு, "நாங்க இருந்தா?" என்று கேட்டிருக்கிறாள்.

"இருந்தா வரேன்."

அவ்வளவுதான் பேச்சு. அன்றிலிருந்து அவளுக்கு அது ஒன்றுதான் குறி. ஜெயிப்பது நம் கையில் இல்லை, இருப்பது நம் கையில் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். யாராவது ஒருத்தர் முதலில் முட்டாளாக வேண்டும், அது நாமாக இருந்தால் என்ன என்பாள். படியை மறிப்பது முன்பு விளையாட்டாக இருந்தது. இப்போது மும்முரமாகிவிட்டது. ஜனவரியில் ஒருத்தரின் கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ராய்ஸ்டன் கிளப்பில் போய்ப் புகார் கொடுத்துவிட்டான்.

பாதுகாப்பு அதிகாரி பில்லிங் வந்தார். வயர் செருகிய காது, முறுக்கேறின முகம். கேனரை அவள் இடத்திலேயே வைத்துப் பேசினார். நானும் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று.

"இங்க பாருங்க, படியில நிக்கிறது குத்தம். நெருப்பு கிருப்பு பிடிச்சா ஜனம் எப்படி வெளிய போகும்?"

"நெருப்பு பிடிச்சா நானும்தான் போவேன் கண்ணு. நாலு கோலுக்கெல்லாம் போக மாட்டேன்."

"வேடிக்கை வேணாம். இன்னொரு தடவை படியில நின்னீங்க, சீசன் டிக்கெட் ரத்து. அடுத்த வருஷமும் இந்த இடம் கிடைக்காது."

கேனர் மேலே குழாயைப் பார்த்தாள். ஒரு சொட்டு அவள் தொப்பியில் விழுந்தது. முகம் கொஞ்சம் வெளுத்தது என்று நினைக்கிறேன். ஆனால் குரலில் ஒன்றும் இல்லை.

"படியில யாரும் நிக்கக் கூடாது. அதானே சட்டம்?"

"ஆமா."

"யாருமே?"

"யாருமே."

"டெஸ்மண்ட், கேட்டுக்கிட்டியா?" என்று என்னைப் பார்த்தாள். என் முழுப் பெயரை அவள் சொன்னால் ஏதோ நடக்கப்போகிறது.

எங்கள் ஊர் ஜனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. போகிறேன் என்று எழுந்திருப்பான், போக மாட்டான். கோட்டைப் போட்டு, சாவியை எடுத்து, படி உச்சி வரை ஏறிவந்து, வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பான். இந்தக் கார்னர் மட்டும். அந்த ஃப்ரீ கிக் மட்டும். பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. அந்த ஆட்கள் நிற்பது எங்கே? படியில்தான்.

மார்ச் மாதம். ஒரு பெரிய ஊர் அணி வந்திருந்தது, மூன்றுக்குப் பூஜ்யம். எண்பதாவது நிமிடம் வந்தது. கேனர் எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராய்ஸ்டன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏறிப் போனான். உச்சியில் நின்றான். திரும்பினான். எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்திருந்தது.

"டெஸ்மண்ட்!" கேனரின் குரல் மைதானத்தின் அந்தக் கோடிக்கே கேட்டிருக்கும். "படியில ஆள் நிக்குது!"

நான் என்ன செய்வது? போனேன். "ராய்ஸ்டன், இங்க நிக்கக் கூடாது."

"நான் போயிட்டுத்தான இருக்கேன்."

"அப்ப போ."

"இந்தக் கார்னர் ஒண்ணப் பாத்துட்டு..."

"போ, இல்ல உக்காரு. நிக்கிறது குத்தம். பில்லிங் சொல்லியிருக்காரு."

"டேய், நான் புகார் குடுத்ததே அவளப் பத்திடா!"

அப்போது கேனர் எழுந்து நின்று, ஒரே மூச்சில் கத்தினாள்: "உள்ளேயா, வெளியேயா?"

குளிர் ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வசவு புதிதல்ல. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற பிள்ளையைப் பார்த்து ஒவ்வொரு வீட்டிலும் அம்மா கத்துவது அதுதான். சுற்றிலும் கொல்லென்று சிரித்தார்கள். பின் வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு பாதி "உள்ளேயா!" என்று கத்த, மறு பாதி "வெளியேயா!" என்று கத்த, தொட்டி முனை முழுவதும் காலை உதைத்துக்கொண்டு பாடியது. மூன்று கோல் பின்னால் கிடந்தோம், நாங்கள் ஜெயிக்கிற மாதிரி சத்தம். எதிரணி கோல்கீப்பரே திரும்பிப் பார்த்தான். படியில் நின்றவர்களில் ஒரு சிலர் வெளியே போனார்கள். மற்றவர்கள் முகம் சிவக்க இறங்கி வந்து உட்கார்ந்தார்கள். ராய்ஸ்டனும்.

"குளிர் உள்ள வந்திருச்சு கண்ணு" என்றாள் கேனர்.

"செத்துப் போ" என்றான் அவன். ஆனால் உட்கார்ந்திருந்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்திலும் அந்தக் கூச்சல்தான். எண்பது வந்ததும் ஆரம்பித்துவிடும். பில்லிங்கால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவள் படியில் நிற்கவில்லையே. ஏப்ரலில், வெளியூரில் தோற்று, கீழ்ப் பிரிவுக்கு இறங்குவது உறுதியாகிவிட்டது. அடுத்த நாள் காலை டயர் கடைக்கு வந்த கேனரிடம், "துக்கம் கேக்க வந்தியா?" என்றேன்.

"எவன் செத்தான்? இன்னொரு ஆட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சைக்கிள் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டு போனாள்.

கடைசி ஆட்டம் மே மாதம், எங்கள் மைதானத்தில். எதிரே அந்த வருஷக் கோப்பையை வாங்கப்போகிற அணி. இடைவேளைக்கு முன்பே மூன்று, அப்புறம் இரண்டு. ஐந்துக்குப் பூஜ்யம். எண்பதாவது நிமிடம் வந்தது. நான் படியில் நின்று பார்த்தேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ராய்ஸ்டன் சாவியைப் பையில் போட்டிருந்தான். அதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. தொண்ணூறும் தாண்டியது. நடுவர் ஊதினார்.

இதைத்தான் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. விசில் ஊதினால் எழுந்து போவது கால்களுக்குப் பழகிய காரியம். மொத்த ஜனமும் எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டிப் படியைப் பார்த்துத் திரும்பியது. ஹால்டோர் நிற்பது அந்தக் கோடி கோலில். இரண்டாம் பாதியில் எங்கள் ஆட்கள் எப்போதும் தொட்டி முனையைப் பார்த்துத்தான் ஆடுவார்கள், அதனால் அவன் எங்களுக்கு வெகுதூரம். அவன் மைதானம் முழுவதும் நடந்து வந்து சேருவதற்குள் மறுபடியும் வெறும் நாற்காலிதான் இருக்கும்.

அதை முதலில் கண்டுகொண்டது கேனர். வரிசையை இடித்துக்கொண்டு வெளியே வந்தாள், படியேறி ஓடினாள், வாசலை மறித்து நின்றாள். இந்தத் தடவை கையைக் கட்டிக்கொள்ளவில்லை. லாரியை நிறுத்துகிற மாதிரி வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

ஜனம் நின்றுவிட்டது. அதில் பாதிப் பேர் சின்ன வயதில் அந்தக் கையின் கீழே ரோடு தாண்டினவர்கள்.

"கேனர், ஆட்டம் முடிஞ்சிருச்சு" என்றான் முன்னால் நின்ற ராய்ஸ்டன். "இப்பவாவது விடு."

"முடியல. திரும்பிப் பாரு."

கீழேயிருந்து பில்லிங் படியேறி வந்துகொண்டிருந்தார். "டெஸ்! அவங்கள நகர்த்து!"

நான் மைதானத்தைப் பார்த்தேன். ஹால்டோர் கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றிருந்தான். மற்ற ஆட்டக்காரர்கள் உள்ளே போகிற வழியில் இருந்தார்கள். அவன் மட்டும் எங்கள் பக்கம் பார்த்தான். பிறகு நடக்க ஆரம்பித்தான்.

"நகர்த்துறேன் மிஸ்டர் பில்லிங்."

"எப்ப?"

"அவன் வந்து சேரட்டும்."

"உன் கோட்டும் போயிரும், தெரியுமா?"

"மே மாசந்தானே. கோட்டு எதுக்கு?"

கேனர் என்னைப் பார்க்கவில்லை. பில்லிங்கைத்தான் பார்த்தாள். "என்னை என்ன பண்ணணுமோ பண்ணிக்க கண்ணு. ஆனா கொஞ்சம் ஓரமா நில்லு, மறைக்கிற."

ராய்ஸ்டன்தான் முதலில் திரும்பினான். நெட்டையான ஒருத்தன், ஐந்து கோல் வாங்கினவன், தனியாக அந்தப் பெரிய புல்வெளியில் நடந்து வருகிறதைப் பார்த்தான். "அட" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கை தட்ட ஆரம்பித்தான். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் திரும்பினார்கள். ஹால்டோர் சுவர் அருகே வந்தான். ஆள் நிறைந்த தொட்டி முனையை மேலிருந்து கீழே வரை ஒரு தடவை பார்த்தான். வெறும் கையால் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். பட்டறைத் தொட்டியில் விழுந்த அடி மாதிரியே சத்தம்.

அவனுக்குப் பின்னால் இன்னும் சிலர் வந்து தட்டினார்கள். பாதிப் பேருக்கு எதற்கென்றே தெரியாது, தலைவன் தட்டினான், தட்டினார்கள். சிலர் வரவேயில்லை. அவர்கள் அடுத்த மாதமே வேறு கிளப்புக்குப் போய்விட்டார்கள், நல்லதாயிற்று. நாங்கள் பாடிய பாட்டில் கோப்பைக்காரர்களின் கொண்டாட்டமே எங்களுக்குக் கேட்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பில்லிங் கேனரிடம் கையை நீட்டினார். அவள் டிக்கெட் அட்டையை எடுத்துக் கொடுத்தாள். துடைத்துத்தான் கொடுத்தாள், நனைந்திருந்தது.

"இந்தப் பக்கம் இனிமே உங்களுக்கு இடம் கிடையாது."

கேனர் கொஞ்ச நேரம் அந்த ஒழுகுகிற குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்நாளில் பெரும்பகுதி அவள் தலையில் சொட்டின குழாய். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

"இந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம்."

"சரி கண்ணு."

அடுத்த ஆகஸ்ட், கீழ்ப் பிரிவில் முதல் ஆட்டம். கேனர் மேற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மெத்தை வைத்த நாற்காலி, கையில் கண்ணாடிக் கோப்பை வைத்திருக்கிற ஆட்கள், முதலாளிமார். எழுபதிலேயே எழுந்து போகிற பழக்கம் அங்கேதான் அதிகம். கோடை விடுமுறைக்கு முன்பே, பள்ளிக்கூடத்தில் பெண்ணை விட வந்த ஹால்டோரிடம், "அங்கதான் கண்ணு வேலை நெறைய கெடக்கு" என்று சொல்லியிருக்கிறாள்.

என்னைப் படியிலிருந்து தூக்கிக் கார் நிறுத்துகிற இடத்தில் போட்டிருந்தார்கள். தடுப்புக் கம்பியைத் தூக்குவது, இறக்குவது, அவ்வளவுதான். ஆட்டம் தெரியாது, சத்தம் கேட்கும். ஒரு கோல் பின்னால் இருக்கிறோம் என்று சத்தத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் மேற்குப் பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல் ஒன்று கிளம்பியது. "உள்ளேயா?" என்றது. எதிர்க்கோடியிலிருந்து தொட்டி முனை மொத்தமும் "வெளியேயா?" என்று பதில் கொடுத்தது.

ஒரே ஒரு கார் மட்டும் தடுப்புக்கு வந்து நின்றது. பெரிய கறுப்புக் கார். உள்ளே கிளப்பின் முதலாளிகளில் ஒருவர், காது வரை சிவந்திருந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"அந்தப் பொம்பள யாருய்யா?"

"கேனர் ஓல்ட்ராய்ட், சார்."

அவர் ஏதோ முனகினார். நான் தடுப்புக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தேன்.

"உள்ளேயா சார், வெளியேயா?"

காரைப் பின்னால் எடுத்தார்.